முப்பத்தேழு பிக்சல்

குருநகரில், ஐஸ் தொழிற்சாலைக்குப் பின்னால்
சங்கத்தின் கணக்கறை.
மின்விசிறி ஒரு பக்கம் மட்டும் கழுத்தைத் திருப்பும்.
மறுபக்கம் எனக்கு ஒதுக்கிய கதிரை.

வேலை இதுதான்:
பன்னிரண்டு வருஷப் பழைய செயலி,
மீன் நிறுக்கிற கணக்கு முழுவதும் அதற்குள்.
புது வார்ப்புருவுக்கு மாற்றித் தரவேண்டும்.
"இந்தக் காலத்து மாதிரி இருக்கோணும்" என்றார் தலைவர்.
மூச்சு விடாமல், "ஆனா எங்கட மாதிரியே இருக்கோணும்."

எழுதினவர் றெக்சன்.
இப்போது கிளிநொச்சியில் ஒரு வங்கியில் காசாளராம்.
மூன்று முறை அழைத்தேன். எடுக்கவில்லை.

உள்ளே போனேன்.
ஆயிரத்து நானூறு வரி அலங்காரம்.
சேமி பட்டன் உள்ளங்கை அகலம்.
அழி பட்டன் பக்கத்தின் அடியில், தனியே,
கலியாண வீட்டில் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி.
சூடைக்கு ஒரு நிரல், ஓராவுக்கு ஒன்று,
நண்டுக்கு மட்டும் இரண்டு.
எழுத்தெல்லாம் கடும்பச்சை.
இடது ஓரத்தில்
முப்பத்தேழு பிக்சல் வெறுமை.
நாற்பதில்லை, முப்பத்தாறில்லை.
பக்கத்தில் ஒரே ஒரு குறிப்பு:
தொடாதே.

நான் தொட்டேன்.
ஓரங்கள் எட்டின் மடங்கில் வரவேண்டும் என்று
படித்துப் பட்டம் வாங்கினவள் நான்.
முப்பத்தேழை எட்டாக்கினேன்.
பக்கம் குளித்து எழும்பினது போலிருந்தது.

வியாழன் விடிய நாலு மணிக்குப் போன்.
மக்டலின் அக்கா.
"பிள்ளை, எழுபது கிலோ விளமீனைக் காணேல்லை."
வலையில் தப்பாத மீன்,
தராசிலும் ஏறி இறங்கின மீன்,
என்னிடம் வந்து தொலைந்திருக்கிறது.

போய்ப் பார்த்தேன்.
மவுசைச் சொப்பின் பையால் சுற்றியிருந்தா.
அவவின் கண் தராசில், வாய் ஏலக்காரரோடு,
கை மட்டும் தன்பாட்டில் திரைக்குப் போய் வந்தது.
திரையின் இடது கரையில்
மேலிருந்து கீழ்வரை வெள்ளைப் பிளாஸ்டர்.
எந்த வள்ளம் எத்தனை ஐஸ் கட்டி எடுத்தது என்று
அதில் பேனாக் கீறல்கள்.
நான் இடப்பக்கம் தள்ளின பெயர்கள்
பிளாஸ்டருக்குள் போய்விட்டன.
லூர்து மாதா, மடு மாதா, இரண்டும்
வெறும் மாதா.
எழுபது கிலோவும் மற்ற மாதாவின் கணக்கில் கிடந்தது.

"இந்த இடம் பிளாஸ்டருக்கெண்டோ விட்டவர்?"
"இல்லை. அப்ப இருந்த மொனிற்றரில அந்தக் கரை செத்துப்போச்சு.
பெடியன் அடிமட்டம் வைச்சு அளந்து
எழுத்து அதுக்குள்ள விழாமச் செய்து தந்தவன்."
"அந்த மொனிற்றர்?"
"இரும்புக்காரனுக்குக் குடுத்து ஆறு வருஷம்."

நண்டு கேட்டேன். உயிரோடு ஒரு விலை, செத்தால் ஒரு விலை.
பச்சை கேட்டேன்.
அது அவவுக்கும் தெரியாது.

சுவருக்கு அப்பால் கட்டிகள் தகரத்திலிருந்து விழும் சத்தம்.
நெளிந்த தகரத்தில் வார்த்தால் கட்டியும் நெளிந்து வரும்.
புதுத் தகரம், பழைய நெளிவு,
இதை எந்தப் பாடத்தில் படித்தேன்?

புது வார்ப்புருவில் ஒரு வரியும் மாற்றவில்லை.
பக்கத்தில் ஒரு சின்னக் கோப்பு,
எல்லாம் ஏறின பிறகு கடைசியாய் ஏறும்படி.
கடைசியாய் வருபவன் சொல்தான் அங்கே எடுபடும்.
கோப்புக்கு றெக்சன் என்று பெயர் வைத்தேன்.
அகலப் பட்டன், தள்ளியிருக்கும் சம்பந்தி,
இரண்டு நண்டு, காரணம் தெரியாத பச்சை,
முப்பத்தேழு.
அவருடைய தொடாதேக்குக் கீழே எழுதினேன்:
இங்கே ஒரு மொனிற்றர் செத்தது.
இப்போது பிளாஸ்டர் ஒட்டுகிறார்கள்.
மாற்ற முன் மக்டலின் அக்காவைக் கேள்.

வெள்ளிக்கிழமை தலைவர் வந்தார்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டு
மேலும் கீழுமாய் உருட்டிப் பார்த்தார்.
"ஒண்டும் மாறேல்லையே பிள்ளை,
இதுக்கோ மூண்டு கிழமை?"

பில்லை நீட்டினேன்.
தொகையைக் கடும்பச்சையில் அடித்திருந்தேன்.